ராமையா மாமா இல்லாத குழு

நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்று பிரபாகர் கேட்டார். உங்கள் நிர்வாகிதான். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். கடைசி நாள் வரைக்கும் அவரை நான் சார் என்றுதான் கூப்பிட்டேன். அவருக்கு அதில் ஒரு கூச்சம், எனக்கு அதில் ஒரு சந்தோஷம். நான் ஏதாவது சாதனைக் கதை எழுதுவேன் என்று நினைத்துக் கேட்டிருப்பார். நான் செய்த மிகப் பெரிய தப்பைத்தான் எழுதப்போகிறேன். கவலைப்படாதீர்கள், கடைசியில் ஜெயித்துவிடுவோம். தோற்ற கதையை எழுதிக் கொடுக்கிற அளவுக்கு நான் பெருந்தன்மையானவள் இல்லை.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால், “கம்ப்யூட்டர்ல எதையோ தேடிக்கிட்டே இருப்பா” என்று என் வீட்டுக்காரர் சொல்வார். முப்பது வருஷம் கூடவே இருந்தும் அவருக்கு அவ்வளவுதான் புரிந்தது. உங்களுக்காவது சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் இணையச் சமூகத்தில் ஆயிரக்கணக்கான பேர் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தத் தளம் நமக்கென்று ஒரு பக்கவாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அதற்குப் பெயர் ஏபிஐ. அந்த வாசல் வழியாக எழுத்தையெல்லாம் எடுத்து வந்து, தேடினால் கிடைக்கும்படி அடுக்கி வைக்கிறோம். இது பாதி வேலை. எந்தப் பதிவை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்ற அனுமதியையும் கூடவே எடுத்து வர வேண்டும். அது மீதிப் பாதி. முதல் பாதியில் தப்பு செய்தால் திட்டு விழும். இரண்டாம் பாதியில் தப்பு செய்தால் வேறொருவர் வாழ்க்கையில் போய் விழும்.

நம் பக்கத்து விவசாயிகள் கூட்டமைப்பு ஒன்று தன் உறுப்பினர்களுக்காக அப்படி ஒரு சமூகத்தை நடத்திவந்தது. தக்காளிக்கு ஒரு குழு, சம்பங்கிக்கு ஒரு குழு, சொட்டுநீர்க் குழாய்க்கு ஒரு குழு என்று பிரமாதமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆனால் போன மாதம் எழுதியதை இந்த மாதம் கண்டுபிடிக்க முடியாது. அதனால் தேடல் வேண்டும் என்று நம்மிடம் வந்தார்கள். அந்த வேலை என் கைக்கு வந்தது.

பக்கவாசலில் ஒரு காவல் உண்டு. ஒரு நிமிடத்துக்கு இத்தனை முறைதான் கேட்கலாம், அதற்கு மேல் கேட்டால் கதவைச் சாத்திவிடும். குழுக்களோ ஏகப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் உறுப்பினர் பட்டியலைத் தனித்தனியாகக் கேட்டால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். ‘தக்காளி விவசாயிகள்’ என்று ஒரு குழு. ‘தக்காளி விவசாயிகள் புதுசு’ என்று இன்னொரு குழு. முதலாவதில் நூற்றுப் பன்னிரண்டு பேர், இரண்டாவதில் நூற்றுப் பதினோரு பேர். இரண்டிலும் அதே ஆட்கள், அதே சண்டை, அதே காலை வணக்கம். இதேபோல நாற்பத்து மூன்று ஜோடிகள் இருந்தன. பழசை மூடாமல் புதுசைத் திறந்துவிட்டார்கள், இவர்களுக்கு ஒழுங்காக ஒரு வீட்டைக்கூடக் கூட்டத் தெரியாது என்று நினைத்தேன். ஜோடி ஜோடியாக இணைத்து, ஒவ்வொரு ஜோடிக்கும் பழைய குழுவின் அனுமதிப் பட்டியல் ஒன்றே போதும் என்று எழுதிவிட்டேன். வேலை பாதியாகக் குறைந்தது. இணைத்த பதிவு ஒவ்வொன்றின் மேலும் ‘இணைக்கப்பட்டது’ என்று ஓர் அடையாளமும் வைத்தேன். அதற்கு எந்தப் பயனும் கிடையாது. எத்தனை பதிவைச் சேர்த்தேன் என்று எண்ணிக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்ளத்தான் வைத்தேன்.

சோதித்துப் பார்க்காமலா விட்டீர்கள் என்று கேட்பீர்கள். சோதித்தோம். சோதனைக்கென்று நாம் வைத்திருந்த பயனர் கணக்கை எல்லாக் குழுவிலும் சேர்த்திருந்தார்கள். அதில் எது தேடினாலும் வந்தது. எல்லாம் வருகிறதே என்று மகிழ்ந்தோம். அந்தக் கணக்கை யாருமே எந்தக் குழுவிலிருந்தும் ஒதுக்கவில்லை என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

தொடக்க விழா ஒரு சனிக்கிழமை காலையில், வடமதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில். ஊரே வந்திருந்தது. பத்தரைக்கு மேடையில் பெரிய திரையில் முதல் தேடல். அதற்கு முன்னால் கீழே பந்தி நடந்தது. பொங்கல், வடை, சாம்பார். என் பக்கத்து இலையில் ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தாள். நாற்பது வயதிருக்கும். பெயர் முத்துலட்சுமி, ஒரு ஏக்கரில் தக்காளி போடுகிறவள் என்று அவளே சொன்னாள்.

“நீங்கதான் இந்தத் தேடுறத செஞ்சவுகளா மேடம்? எங்க குழுவுல போட்ட போட்டோ அம்புட்டும் இதுல வந்துருமா? திங்கக்கிழமைக்கு அவசரமா வேணும்.”

“எந்தக் குழும்மா?”

“தக்காளி விவசாயிகள் புதுசு.”

நான் சிரித்தேன். “பழசும் புதுசும் ஒண்ணுதானே, எதுக்கு ரெண்டு வச்சிருக்கீங்க? நான் ரெண்டையும் ஒண்ணாச் சேத்துட்டேன்.”

வாய்க்குப் போன வடை அவள் கையிலேயே நின்றது. “சேத்துட்டீங்களா? அப்ப ராமையா மாமாவும் எல்லாத்தையும் பாப்பாரா?”

“யாரு ராமையா?”

அவள் பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னாள். மேடையில் மாலையோடு உட்காரப்போகிறவர்தான் ராமையா. அந்த வட்டாரத்தில் பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பவர். பாதிப் பேருக்கு மாமா முறை. அவர் கடையில் வாங்கிய ஒரு புது மருந்தை அடித்து, மூன்றாம் நாளே இவள் தக்காளி கருகிவிட்டது. குழுவில் கேட்கலாம் என்றால் குழுவில் அவரும் இருக்கிறார். அதனால் அவரைத் தவிர அத்தனை பேரும் ஒரு புதுக் குழுவுக்குப் போய்விட்டார்கள். அங்கே முதல் படத்தைப் போட்டது இவள். பிறகு ஒவ்வொருவராகக் கருகிய செடியையும், புட்டியின் மேலிருந்த பேட்ச் எண்ணையும் படமெடுத்துப் போட்டார்கள். இவர்கள் ரகசியமாகக் கொடுத்த புகாரின் பேரில் வேளாண்மை அதிகாரிகள் திங்கட்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்கு வந்து மாதிரி எடுப்பதாக இருந்தார்கள்.

“அவர ஒருத்தர நீக்கிட்டுப் பழைய குழுவுலயே பேசியிருக்கலாமே?” என்று கேட்டேன். எனக்கு அப்போதும் குழுவைச் சுத்தமாக வைத்துக்கொள்வதிலேதான் நினைப்பு.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “நீக்கினா, உங்கள நீக்கியாச்சுன்னு அவரு போனுக்குப் போயிருமே மேடம். அடுத்த மாசம் அவரு மகளுக்குக் கல்யாணம். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பந்தியில உக்கார்றது? எங்க ஊர்ல யாரையும் நீக்க மாட்டோம். நாங்கதான் எந்திரிச்சு வேற பக்கம் போவோம்.”

நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதினொன்று. அந்த ஒரு வித்தியாசத்தை நான் கவனக்குறைவு என்று நினைத்திருந்தேன். அந்த ஒருவருக்காகத்தான் அந்தக் குழுவே பிறந்திருந்தது. நானோ அந்த ஒருவரை மறுபடியும் உள்ளே கொண்டுவந்து, நல்ல இடமாகப் பார்த்து உட்கார வைத்திருந்தேன்.

“அவரு பாத்தா சரக்கு அம்புட்டையும் நாளைக்கே மாத்திருவாரு மேடம்” என்றாள் முத்துலட்சுமி. “அப்புறம் தண்ணி பாய்ச்சாம நானே கருகவிட்டேன்னு பேசுவாங்க. எனக்கு இருக்கிறது அந்த ஒரு ஏக்கருதான். ஊருல பொய்க்காரின்னு பேரெடுத்துட்டு நான் எங்க போறது?”

இலையை மூடிவிட்டு எழுந்தேன். மணி பத்து. முதல் தேடலை யார் செய்கிறார் என்று பிரபாகரிடம் ஓடிப் போய்க் கேட்டேன். அவர் உற்சாகமாக, “ராமையா ஐயாதான் மேடம். அவரோட கணக்குலயே உள்ள போய், ஆசைப்பட்டதத் தேடப்போறாரு” என்றார். ஒரு மனிதர் கையில் தேடலைக் கொடுத்தால் முதலில் எதைத் தேடுவார் என்று உங்களுக்கே தெரியும். தன் பெயரைத்தான்.

சமையல்கட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் குழாயடியில் மட்டும்தான் சிக்னல் கிடைத்தது. ஒரு அரிசி மூட்டைமேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். பிரபாகர் மூளை உடனே வேலை செய்தது.

“அவரு ஒருத்தர் கணக்க மட்டும் மறைச்சிருவோம் மேடம். ரெண்டு நிமிஷ வேலை.”

அந்த யோசனை எனக்கும் வந்திருந்தது. பதற்றத்தில் எல்லோருக்கும் முதலில் வருவது அதுதான். கண்ணுக்குத் தெரிந்த ஓட்டையை மட்டும் அடைப்பது. “சார், இது மாதிரி நாப்பத்து மூணு ஜோடி இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒருத்தர விட்டுட்டுப் போயிருக்காங்க. யார, எதுக்குன்னு நமக்குத் தெரியாது. அத்தன பேரும் இந்த மண்டபத்துலதான் போன கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க.” ஒரே ஒரு ஜோடியின் பட்டியல்களை மட்டும் அங்கேயே கேட்டு வாங்கி அவருக்குக் காட்டினேன். அதில் விடுபட்டிருந்தவர் கூட்டமைப்பின் செயலாளர். பிரபாகர் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“அப்ப விழாவ நிறுத்தணுமா?”

“வேண்டாம். சந்தேகமான எதையும் யாருக்கும் காட்ட வேண்டாம்.”

“இணைச்ச பதிவையெல்லாம் எடுத்துட்டா மிச்சம் என்ன மேடம் இருக்கு? மேடையில வெறும் பக்கத்தக் காட்டச் சொல்றீங்களா? ஒப்பந்தமே போயிரும்.”

அவர் பயம் நியாயமானது. அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை நன்றாக வரும். “குறைச்சுக் காட்டுனா நம்மளத் திட்டுவாங்க சார். நாளைக்குச் சரிபண்ணிக் காட்டிக்கலாம். கூடுதலாக் காட்டிட்டா, பாத்த கண்ணுலேருந்து திரும்ப எடுக்க முடியுமா?”

அவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். பிறகு, “செய்ங்க மேடம். மேடையில நான் சமாளிச்சுக்கிறேன்” என்று போய்விட்டார். அன்றிலிருந்துதான் அவரை நான் மனசார சார் என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

எடுத்து வைத்த பதிவுகளையெல்லாம் அழித்துத் திருத்த நேரமில்லை. ஆனால் பெருமைக்காக வைத்த அந்த அடையாளம் இருந்ததே! ‘இணைக்கப்பட்டது’ என்று இருக்கும் எந்தப் பதிவையும் எந்தக் கணக்குக்கும் காட்டாதே என்று தேடும் இடத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். பழைய விடைகள் தங்கியிருக்கும் இடத்தையும் காலி செய்தேன். என் தற்பெருமை என்னைக் காப்பாற்றியது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். மாற்றம் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒலிபெருக்கியில் ராமையாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஓடிவந்து மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்றேன். முத்துலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ராமையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால், நான் நினைத்தபடியே தன் பெயரை அடித்தார். திரையில் ஒரே ஒரு பதிவு வந்தது. எல்லோரும் இருக்கிற பொதுவான குழுவில் அவரே எழுதியது: உழவர் பெருமக்கள் அனைவருக்கும் இனிய பொங்கல் வாழ்த்துகள். அதை மைக்கில் வாசித்தார். கைதட்டல் வானைப் பிளந்தது.

அதோடு விட்டிருக்கலாம். முன்வரிசையிலிருந்து யாரோ ஒருவர், “அந்தப் புது மருந்து பேரப் போட்டுப் பாருங்க மாமா, சனங்க என்ன சொல்றாங்கன்னு பாப்போம்” என்றார். விளையாட்டாகச் சொன்னாரோ, வேண்டுமென்றே சொன்னாரோ தெரியவில்லை. முத்துலட்சுமியின் நகம் என் கையில் பதிந்தது. ராமையா மருந்தின் பெயரை அடித்தார். திரையில் ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று வந்தது.

அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. “பாத்தீகளா! ஒரு புகார் உண்டா? அதான் நம்ம சரக்கு!”

மறுபடியும் கைதட்டல். மண்டபத்தில் பாதிப் பேர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு கைதட்டினார்கள். எனக்கு வந்த சிரிப்பை முந்தானையை வாயில் வைத்து அடக்கினேன்.

விழா முடிந்ததும் முத்துலட்சுமி தன் போனில் தேடிப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். “எனக்கும் ஒண்ணும் வரலையே மேடம். அழிச்சுப்புட்டீங்களா?”

“அழிக்கல. எல்லாருக்கும் மறைச்சு வச்சிருக்கேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள உங்களுக்கு வந்துரும்.”

“திங்கக்கிழமை காலையில அதிகாரி கேப்பாரு. நூத்துக்கணக்குல பேசியிருக்கோம், நடுவுல அந்தப் போட்டோவ நான் எங்க போய்த் தேடுறது? வந்துருமில்ல?”

வந்துவிடும் என்று சத்தியம் செய்தேன். செய்துவிட்டு, பஸ்ஸில் திண்டுக்கல் வந்து இறங்கும் வரைக்கும் எந்தக் குழுவை முதலில் பிரிப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே அலுவலகத்தைத் திறந்தோம். இணைத்ததையெல்லாம் பிரித்தேன். ஒவ்வொரு குழுவின் உறுப்பினர் பட்டியலையும் தனித்தனியாகக் கேட்டேன். பக்கவாசல் தன் இஷ்டத்துக்குத்தான் திறந்தது. பத்து குழு கொடுக்கும், செத்த நேரம் நிறுத்தும், மறுபடி கொடுக்கும். அவசரப்படுத்தவே இல்லை. முந்தைய வாரம் அந்தக் காத்திருப்பு பிடிக்காமல்தானே கெட்டிக்காரத்தனம் செய்தேன்.

இந்த முறை சோதனையை மாற்றினேன். உள்ளே இருப்பவருக்குத் தெரிகிறதா என்று பார்ப்பது அப்புறம். வெளியே விடப்பட்டவருக்குத் தெரியாமல் இருக்கிறதா என்று முதலில் பார்த்தோம். ஒவ்வொரு ஜோடியிலும் விடுபட்டவர் என்ன அனுமதியோடு இருப்பாரோ, அதே அனுமதியோடு புதுக் குழுவில் தேடினோம். மாலை நான்கு மணிக்குள் நாற்பத்து மூன்று முறையும் வெறும் பக்கம் வந்தது. ஒவ்வொரு வெறும் பக்கத்துக்கும் நான் கைதட்டினேன். விசிலடிக்கத் தெரியாததால் பிரபாகர் மேசையைத் தட்டினார். ஒன்றுமே வராததைப் பார்த்து இரண்டு பேர் குதித்ததை எங்கள் வீட்டில் சொன்னால் நம்ப மாட்டார்கள். அதன் பிறகுதான் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு முத்துலட்சுமிக்குப் போன் செய்தேன். தேடிப் பார்த்துவிட்டு, “வருது மேடம், எல்லாம் வருது” என்று அழுதாள்.

இளையவர்களே, நீங்கள் என்னைவிடப் படித்தவர்கள். நிரல் எப்படி எழுதுவது என்று உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. இரண்டு பட்டியல் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தால், ஒன்றாக இருக்கிற நூற்றுப் பதினோரு பேரைப் பார்க்காதீர்கள். இல்லாத ஒருவர் ஏன் இல்லை என்று கேளுங்கள். பதில் ஏபிஐயில் இருக்காது. பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டால் கிடைக்கும். நம் ஊர் மனிதர்கள் கண்டபடி எதையும் செய்வதில்லை. நாம் பார்த்து அலங்கோலம் என்று நினைத்ததில் அவர்களுக்கு மரியாதையும் பயமும் தந்திரமும் எல்லாம் இருந்தன.

திங்கட்கிழமை என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? அதிகாரிகள் முத்துலட்சுமியையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். சனிக்கிழமை மேடையில் ‘நம்ம சரக்கு’ என்று பெருமை பேசியதையே மறந்துவிட்டு, அப்படி ஒரு மருந்தே நான் விற்கவில்லை என்று ராமையா சொல்லியிருக்கிறார். எந்தப் பேட்ச் என்று அதிகாரி கேட்டதும் முத்துலட்சுமி போனை எடுத்து மருந்தின் பெயரை அடித்தாள். பதினான்கு பேர் போட்ட படங்கள் தேதியோடு வரிசையாக வந்து நின்றன. அதிகாரி எண்களை எழுதிக்கொண்டு உள்ளறைக்குள் போனார். அதே எண் போட்ட பெட்டிகள் அங்கே அடுக்கியிருந்தன. மாதிரி எடுத்து, மிச்சத்துக்கு முத்திரை வைத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் மத்தியானம் போனில் அவளே சொன்னாள். நானும் பிரபாகரும் அலுவலகத்தில் போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தோம்.

“மேடம், ஒண்ணு கேக்கணும். நான் எழுதின புகார அந்தப் போட்டோவோட இப்பப் பழைய குழுவுல போட்டுட்டேன்.”

“எந்தப் பழைய குழு?” பிரபாகர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “ராமையா இருக்கிற குழுவா?”

“ஆமா சார். சரக்கு அதிகாரி கைக்கு வர்ற வரைக்கும்தான் மறைக்கணும்னு நெனச்சேன். காலத்துக்கும் மறைஞ்சு நிக்கிறதுக்கு நான் என்ன தப்பு செஞ்சேன்? என் பேரப் போட்டு, முறை வச்சு, ராமையா மாமான்னு கூப்புட்டுத்தான் எழுதியிருக்கேன்.”

கணினியைப் பார்த்தேன். புதிய பதிவு ஒன்று பக்கவாசல் வழியாக வந்துகொண்டிருந்தது. பார்க்க அனுமதி உள்ளவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். நான் எதையும் இணைக்கவில்லை. அனுமதி கொடுத்தது அவள்.

“இப்ப அவரு தன் பேரப் போட்டுத் தேடினா, நான் எழுதினது தெரியுமா மேடம்?”

“இன்னும் அஞ்சு நிமிஷத்துல தெரியும்மா.”

“தெரியட்டும்” என்றாள்.